கோல்கீப்பர் கண்டுபிடித்த கட்டி

திருகோணமலையில் மான்கள் ரோட்டில் நடப்பது யாருக்கும் புதினமில்லை. கோட்டைப் பக்கத்திலிருந்து இறங்கி, பஸ் நிலையத்தைக் கடந்து, கடற்கரையோர மைதானத்துக்கு வந்து மேயும். ஆட்டம் நடந்துகொண்டிருந்தாலும் எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் தங்கள் பாட்டில் நிற்கும். அங்கே பந்தடிக்கிற எல்லோருக்கும் அவற்றை விலத்தி ஓடத் தெரியும். அந்த மைதானத்தில் மானோடு மோதி விழுந்த ஒரே மத்தியஸ்தர் நான்தான்.

அப்போது எனக்கு நாற்பத்தொரு வயது. நகரத்துப் பாடசாலை ஒன்றில் விளையாட்டு ஆசிரியர். வார இறுதிகளில் உதைபந்தாட்டப் போட்டிகளுக்கு மத்தியஸ்தராக நிற்பேன். சமாதானம் என்று சொல்லிக்கொண்டிருந்த காலம் போய், சண்டை திரும்பவும் தொடங்கியிருந்தது. துறைமுகத்துக்குள் கடற்படைக் கப்பல்கள் வருவதும் போவதுமாக இருக்கும். மைதானத்து மூலையில் மண்மூட்டைக் காவலரண். மூதூருக்கு லோஞ்ச் படகு ஓடுகிற நாளும் உண்டு, ஓடாத நாளும் உண்டு. கிண்ணியா அணி விளையாட வந்தால் மூன்று மணிக்கே விசில் ஊதித் தொடங்கிவிடுவோம். அவர்கள் கடைசிப் பாதையைப் பிடித்து வீடு போகவேண்டும். களப்பின் வாயைக் கடக்கும் இரும்பு மிதவையைத்தான் பாதை என்போம். பாலம் அப்போது கட்டி முடியவில்லை. இவ்வளவுக்கும் நடுவில் சனம் ஆட்டம் பார்க்க வராமல் இருக்கவில்லை. வழமையைவிடக் கூடவே வந்தது. வேறு எங்கே போவது?

அன்று கிண்ணியாவுக்கும் நகரத்து அணிக்கும் இறுதியாட்டம். இரண்டாவது பாதியில் பந்து வலது கரையால் வேகமாகப் போக, நானும் பின்னால் ஓடினேன். திடீரென்று தொடையில் வெதுவெதுப்பாக ஏதோ இடித்தது. அடுத்த நொடி புல்லில் கிடந்தேன். பெண்மான் ஒன்று என்னை ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டு, அவசரம் எதுவும் இல்லாமல் நடந்து போனது. சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. காவலரணில் நின்ற சிப்பாயும் சிரித்தான். நானும் சிரித்துக்கொண்டு எழும்பி, காற்சட்டையைத் தட்டிவிட்டு ஆட்டத்தைத் தொடங்கினேன்.

ஐந்து நிமிடம் போகவில்லை. நகரத்து வீரன் ஒருவன் பந்தைக் கையால் தட்டிவிட்டு உள்ளே அடித்தான். என் தோளுக்குப் பக்கத்திலேயே நடந்ததாம். நான் காணவில்லை. கோல் என்று ஊதினேன்.

கிண்ணியாவின் கோல்கீப்பர் கம்பத்தை விட்டுவிட்டு என்னிடம் ஓடி வந்தார். நெடிய ஆள். கிண்ணியா பசாரில் புடவைக்கடை வைத்திருப்பவர். எல்லோருக்கும் கேட்கத்தக்கதாக, "சேர், ஒங்களுக்குக் கண் தெரியல்லையா?" என்றார்.

மஞ்சள் அட்டையை எடுத்துக் காட்டினேன். அந்தக் கோலால்தான் அவர்கள் தோற்றார்கள்.

அடுத்த நாள் காலை வீட்டு வாசலில் மோட்டார்ச் சைக்கிள் சத்தம் கேட்டது. அதே கோல்கீப்பர். சண்டைக்கு வருகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் கதிரையின் நுனியில் இருந்துகொண்டு, கொஞ்ச நேரம் தன் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சேர், நான் நேத்தைய கோலைப் பத்திக் கதைக்க வரல்ல," என்றார். "கோல்கீப்பருக்குப் பாதி நேரம் வேலை இல்ல. சும்மா நிண்டு பாத்துக்கிட்டிருப்பம். நேத்து நான் ஒங்களைத்தான் பாத்தன். வலப்பக்கம் பந்து போனாலும் இடப்பக்கம் போனாலும் முழுத் தலையையும் திருப்புறீங்க. முந்தி நீங்க அப்பிடி இல்ல. மான் ஒங்களுக்கு ரெண்டு முழத்தில நிண்டது. எங்கட மாமாக்குக் கண் போன நேரமும் இப்பிடித்தான், நாங்க பகிடி பண்ணிக்கிட்டிருந்தம்."

குசினியில் நின்ற என் மனைவி தேத்தண்ணியோடு வந்தவள் அப்படியே நின்றாள். அவள் குடும்பநல மாது. ஊரில் பாதிப் பிள்ளைகள் அவள் கையில் பிறந்தவை. ஒரு விஷயத்தைக் கேட்டால் உடனே சோதித்துப் பார்க்காமல் விடமாட்டாள்.

"இஞ்சாருங்கோ, இதிலை நேர இருங்கோ," என்றாள். "சுவரிலை இருக்கிற கலண்டரைப் பாருங்கோ. கண்ணை அசைக்கக் கூடாது. நான் பின்னாலை இருந்து கரண்டியைக் கொண்டு வாறன். தெரிஞ்ச உடனை சொல்லுங்கோ."

நான் கலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. "எப்ப தொடங்கப்போறீர்?" என்று கேட்டேன்.

பிறகுதான் கண்டேன், கரண்டி ஏறக்குறைய என் மூக்குக்கு நேரே வந்துவிட்டிருந்தது. மற்றப் பக்கமும் அப்படித்தான். குதிரைக்குக் கண்ணின் இரண்டு பக்கமும் மறைப்புக் கட்டிய மாதிரி நான் எத்தனையோ மாதம் நடந்து திரிந்திருக்கிறேன்.

எட்டு வயது மகள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அப்பாக்குப் பக்கத்தாலை தெரியாது எண்டு எனக்குத் தெரியும்," என்றாள்.

"என்னெண்டு தெரியும்?" என்று தாய் கேட்டாள்.

"நான் ஒவ்வொரு நாளும் அப்பான்ரை சோத்துக் கோப்பையிலை இருந்து மீன்பொரியல் எடுக்கிறனான். அவர் காணுறேல்லை."

கோல்கீப்பர்தான் முதலில் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தோம். மனைவி சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். அன்றைக்கே பெரியாஸ்பத்திரிக் கண் வைத்தியருக்குத் துண்டுக் கடிதம் எழுதிவிட்டாள்.

கண் வைத்தியர் கொழும்புக்கு அனுப்பினார். ஸ்கேனில் கட்டி தெரிந்தது. மூக்குக்கு நேர் பின்னால், மூளையின் அடியில், ஒரு சின்னத் தேசிக்காய், அதாவது எலுமிச்சங்காய், அளவில் இருந்தது. இரண்டு கண்ணிலிருந்தும் வருகிற நரம்புகள் அந்த இடத்தில்தான் ஒன்றையொன்று சந்திக்கின்றன. கட்டி கீழே இருந்து அவற்றை மேலே தள்ளிக்கொண்டிருந்தது. புற்றுநோய் இல்லை, பரவாது என்றார்கள். ஆனால் வளரும். வளர்ந்தால் மிச்சப் பார்வையும் போய்விடும்.

சத்திரசிகிச்சையை மூக்குக்குள்ளால் செய்தார்கள். மயக்கம் தெளிந்து கண்ணைத் திறந்தபோது எனக்கு இடப்பக்கம் மனைவி நின்றாள், வலப்பக்கம் தாதி நின்றார். இரண்டு பேரையும் ஒரே நேரத்தில் கண்டேன். தலையைத் திருப்பவில்லை. தாதியின் கைக்கடிகாரம், மனைவியின் காதுத் தோடு, அவளுக்கும் அப்பால் யன்னலில் பச்சைத் திரைச்சீலை, எல்லாம் ஒரேயடியாக வந்து சேர்ந்தன. மூக்கு நிறையப் பஞ்சு. கதைக்க ஏலாது. சிரித்தேன். மனைவி விளங்கிக்கொண்டு கட்டிலின் கம்பியை இறுக்கிப் பிடித்தாள்.

ஆனால் வேலை முடியவில்லை. கட்டியின் பெரும் பகுதி வந்துவிட்டது, புளியங்கொட்டை அளவு ஒரு துண்டு கண் நரம்போடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது, அதைச் சுரண்டினால் நரம்பும் சேர்ந்து வரும் என்றார் சத்திரசிகிச்சை நிபுணர். அதற்குக் கதிர்ச் சிகிச்சை வேண்டும். எங்கள் ஊரில் அதைக் 'கரண்ட் பிடிக்கிறது' என்பார்கள். ஆனால் கட்டியும் நரம்பும் அவ்வளவு நெருக்கம். கொஞ்சம் விலகினாலும் கதிர் நரம்பைச் சுட்டுவிடும். சென்னையில் ஒரு ஆஸ்பத்திரியில் புது மெசின் ஒன்று இருக்கிறது, ஒவ்வொரு நாளும் முதலில் தலையைப் படம் எடுத்து இடத்தைச் சரிபார்த்த பிறகுதான் கதிரை விடுவார்கள், அங்கே போங்கள், ஆறு கிழமை, அதாவது ஆறு வாரம், ஆகும் என்று கடிதம் தந்தார்.

ஒரு துண்டுக் காணி இருந்தது, விற்றோம். மனைவிக்கு லீவு கிடைக்கவில்லை. சண்டைக் காலத்தில் குடும்பநல மாதுக்கு ஆறு கிழமை லீவு கேட்பதே பிழை என்று அவளே சொன்னாள். மகளும் சின்னப் பிள்ளை. நான் தனியப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது கோல்கீப்பர் வந்தார்.

"சாரி எடுக்க வருசத்தில ரெண்டுதரம் போற ஊருதானே சேர். மெட்ராஸ் எனக்குக் கிண்ணியா மாதிரி. நானும் வாறன்."

"தம்பி, ஆறு கிழமை. கடை?"

"ரோட்டு மூடிக்கிடக்கு. கடையில சாமான் இருந்தாத்தானே நான் இருக்கோணும்? தம்பிக்காரன் இருக்கான். வெறும் அலுமாரியைப் பாத்துக்க அவன் போதும்."

அப்படித்தான் நான் மஞ்சள் அட்டை காட்டிய ஆளோடு சென்னைக்குப் போனேன். கொழும்புக்குப் போகிற வழியில் சோதனைச்சாவடி ஒன்றில் எங்கள் பையைக் கிளறிய சிப்பாய், ஸ்கேன் படத்தை வெளியே எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தான். கோல்கீப்பர் சிங்களத்தில் விளக்கினார். சிப்பாய் படத்தையும் என்னையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, அதைக் கசங்காமல் உறைக்குள் போட்டுத் தந்தான். பிறகு தன் தலையைத் தொட்டுக் காட்டி, "சுகம் வரும்," என்று தமிழில் சொன்னான்.

சென்னையில் எங்களுக்குக் கிடைத்த வைத்தியர் ஒரு பெண். நிதானமாகப் பேசுகிறவர். திரையில் என் தலையின் படத்தை வைத்துக்கொண்டு விளக்கினார்.

"இந்தச் சிவப்பு உங்க கட்டி. மஞ்சள் கண் நரம்பு. பச்சை மூளைத்தண்டு. சிவப்புக்கும் மஞ்சளுக்கும் நடுவுல இடமே இல்லை, பாருங்க. நரம்பு தாங்குற அளவு ஒண்ணு இருக்கு. அதைத் தாண்டாம கட்டிக்கு வேண்டியதைக் குடுக்கணும். அதனாலதான் கொஞ்சம் கொஞ்சமா, வாரத்துக்கு அஞ்சு நாள்னு முப்பது நாள். தினமும் படம் எடுத்து, நாங்க கணக்குப் போட்ட இடத்துலயே உங்க தலை இருக்கான்னு பார்ப்போம். சரியா இருந்தாத்தான் கதிரை விடுவோம். ஒரு மில்லிமீட்டர் தள்ளியிருந்தாலும் கட்டிலை நகர்த்திட்டுத்தான் கதிரை விடுவோம்."

நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். வெளியே வந்ததும் கோல்கீப்பர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். முகத்தில் நல்ல யோசனை.

"சேர், எல்லாம் விளங்குது. அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில எதுக்கு இவங்க கதிரையை விடுறாங்க? ஆரு இருக்க?"

எங்களுக்குக் கதிரை என்றால் இருக்கிற நாற்காலி. எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. ஆஸ்பத்திரி நடைபாதையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நான் சிரித்த சிரிப்பில், போகிற வருகிறவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அந்த ஆறு கிழமையும் ஒவ்வொரு காலையும் அவர் என்னைக் கேட்டது இதுதான்: "சேர், இண்டைக்குக் கதிரை விட்டாச்சா?"

முதல் வேலை முகமூடி செய்வது. வெள்ளைப் பிளாஸ்டிக் வலை ஒன்றைச் சுடுதண்ணீரில் ஊறவைத்து, இளகியதும் என் முகத்தின் மேல் போட்டு இழுத்தார்கள். ஆவி பறக்கிற இடியப்பம் முகத்தில் விழுந்த மாதிரி இருந்தது. சில நிமிடத்தில் ஆறி இறுகி, என் மூக்கு, தாடை, நெற்றி எல்லாவற்றின் அச்சையும் பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு நாளும் அதை முகத்தில் மாட்டி, நான்கு பக்கமும் கட்டிலோடு கொளுவிவிடுவார்கள். தலை அசையாது. கருவியை இயக்குகிற பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். முதல் நாள் என்னிடம், "வலிக்குதா சார்?" என்று கேட்டார்.

"இல்லை. ஆனா கதைக்க ஏலாது."

"என்னது?"

"கதைக்க ஏலாது."

அவர் முகமூடியைக் கழற்றிவிட்டு, "என்ன கதை சார் சொல்லப்போறீங்க?" என்று கேட்டார். பேச முடியாது என்று சொன்னேன் என விளக்கினேன். அன்றிலிருந்து அவர் எங்கள் சொற்களைச் சேர்க்கத் தொடங்கினார். 'ஓம்' அவருக்கு மிகவும் பிடித்துவிட்டது. நான் உள்ளே வந்ததும், "ரெடியா?" என்று கேட்டுவிட்டுத் தானே, "ஓம்," என்பார்.

கனத்த கதவு மூடும். அறையில் நான் மட்டும். மெசினின் கைகள் என் தலையைச் சுற்றி ஒரு வட்டம் போகும். அது படம் எடுப்பது. பிறகு ஒரு அமைதி. வெளியே திரைக்கு முன்னால் இருந்து அந்தப் பெண் இன்றைய படத்தைக் கணக்குப் போட்ட படத்தின் மேல் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கிறார் என்று எனக்குத் தெரியும். பிறகு கட்டில் தானாக ஒரு மயிரளவு அசையும். முதுகுக்குத்தான் அது தெரியும், கண்ணுக்குத் தெரியாது. அதன் பிறகு மெல்லிய இரைச்சல். மூடிய கண்ணுக்குள் நீல வெளிச்சம் ஒன்று பரவும். சில நாள் நீச்சல் குளத்து மருந்து மணப்பது போல இருக்கும். வலி கிடையாது. முதல் நாள் எப்போது கதவு திறக்கும் என்று எண்ணிக்கொண்டு கிடந்தேன். மூன்றாம் நாள் நான் அந்த நீலத்தை எதிர்பார்க்கத் தொடங்கிவிட்டேன்.

இரண்டாம் கிழமை ஒரு நாள் காலை நாங்கள் தங்கியிருந்த லொட்ஜின் தொலைக்காட்சியில் எங்கள் துறைமுகத்தைக் காட்டினார்கள். புகை. ஷெல் அடிபட்டது என்று மட்டும் சொன்னார்கள். வீட்டுக்கு எடுத்தேன், லைன் இல்லை. மனைவியின் வேலைத்தலத்துக்கும் இல்லை. அயலுக்கும் இல்லை. நேரமாகிவிட்டது என்று ஆஸ்பத்திரிக்குப் போய்க் கட்டிலில் படுத்தேன். மெசின் சுற்றியது. அமைதி வந்தது. அந்த அமைதி முடியவில்லை. கதவு திறந்து அந்தப் பெண் உள்ளே வந்தார்.

"சார், இன்னைக்குத் தலை சரியா உட்காரலை. தோளை இறுக்கி வச்சிருக்கீங்க. தாடை மேல போயிருக்கு. கட்டிலை நகர்த்தி இதைச் சரி பண்ண முடியாது. என்ன ஆச்சு?"

சொன்னேன். அவர் முகமூடியைக் கழற்றி, என்னை எழுப்பி இருத்தித் தண்ணீர் தந்தார். "இப்படியே குடுக்கக்கூடாது. வெளியில உட்காருங்க. எத்தனை மணி ஆனாலும் பரவாயில்லை, செய்தி வந்ததும் வாங்க," என்றார். வைத்தியரிடமும் போய்ச் சொல்லிவிட்டார்.

கோல்கீப்பர் வாசலில் நின்று கிண்ணியாவுக்கு எடுத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் கடைத் தொலைபேசி பிடித்தது. அவருடைய தம்பி மோட்டார்ச் சைக்கிளை எடுத்துக்கொண்டு, பாதையால் கடந்து, நகரத்துக்குப் போனான். நண்பகல் தாண்டி, எப்படியோ ஒரு இடத்திலிருந்து மனைவியின் குரல் வந்தது.

"நாங்கள் சுகம். வீட்டுக்கு ஒண்டுமில்லை. பிள்ளைக்கு முன்பல்லு விழுந்திட்டுது, அதுதான் இஞ்சை பெரிய புதினம். நான் நேற்று ரெண்டு பிள்ளைப்பேறு பாத்தனான். ஒண்டு ஷெல்லுக்குப் பதுங்கின பங்கருக்குள்ளை. பெட்டைப்பிள்ளை. நல்ல சத்தம்." பிறகு குரலை மாற்றி, "நீங்கள் இண்டைக்குக் கரண்ட் பிடிச்சிட்டியளோ?" என்று கேட்டாள்.

"இன்னும் இல்லை."

"என்னத்துக்குப் பாத்துக்கொண்டு நிக்கிறியள்? போங்கோ."

போனேன். படம் சரியாக இருந்தது. அந்தப் பெண் ஒலிபெருக்கியில், "பங்கர்ப் பாப்பாவுக்கு ஓம்," என்றார். கோல்கீப்பர் அதற்குள் எல்லோருக்கும் சொல்லிவிட்டிருந்தார்.

நான்காம் கிழமை நடந்தது முழுக்க எங்கள் குற்றம். மருந்துக் குளிகை எனக்கு அகோரப் பசியைக் கொடுத்தது. கோல்கீப்பருக்கோ நோயாளியைப் பார்ப்பது என்றால் சாப்பாடு கொடுப்பது. காலையில் நெய்த் தோசை, பின்னேரம் அல்வா, வெள்ளிக்கிழமை ஜும்மா முடித்து வரும்போது கையில் ஒரு பொட்டலம் பிரியாணி. "ஒடம்பு தேறோணும் சேர்" என்பார். ஒரு காலை முகமூடியைக் கொளுவும்போது மிகவும் இறுக்கமாக இருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. மெசின் சுற்றியது. அமைதி. திரும்பவும் சுற்றியது. திரும்பவும் அமைதி. பிறகு இரண்டு பேராக உள்ளே வந்தார்கள். வைத்தியரும் வந்தார்.

முகமூடியைக் கழற்றினார்கள். என் இரண்டு கன்னத்திலும் வலையின் கட்டம் கட்டமான அச்சு. வைத்தியர் என்னை உற்றுப் பார்த்தார்.

"உங்களுக்குக் கன்னம் வந்திருக்கு," என்றார்.

"ஓம்."

"கன்னம் வலையில இடிச்சு, தலை ஒரு பக்கமாச் சாஞ்சிருக்கு. இப்படியே விட்டிருந்தா நரம்புப் பக்கம் போயிருக்கும். நல்லவேளை, படத்துல தெரிஞ்சுது. புது மாஸ்க் செஞ்சு, திரும்ப ஸ்கேன் எடுத்து, கணக்கை மறுபடி பார்க்கணும். ரெண்டு நாள் போகும்." பிறகு கதவுப் பக்கம் திரும்பி, "யார் இவருக்குச் சாப்பாடு வாங்கித் தர்றது?" என்று கேட்டார்.

வெளியே நின்ற கோல்கீப்பர் ஆறடி உயரத்தையும் எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் நின்றார். வைத்தியர் அவரை உள்ளே கூப்பிட்டு, திரையில் இரண்டு படத்தையும் காட்டினார். சாய்ந்திருந்த அளவு ஒரு அரிசிமணியின் அகலம்கூட இல்லை. கோல்கீப்பர் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இவ்வளவுதானா டொக்டர்?" என்றார்.

"இவ்வளவுதான். அதுலதான் இவரோட கண்ணு இருக்கு."

அன்று பின்னேரம் எனக்குக் கிடைத்தது இரண்டு இட்லி. கோல்கீப்பரும் அதையே சாப்பிட்டார். மிச்ச நாள் முழுவதும் எனக்குச் சாப்பாட்டில் வைத்தியர் வைத்த அளவை அவர் தாண்டவிடவில்லை. நான் கெஞ்சியும் பலிக்கவில்லை. பழைய முகமூடியைத் தாருங்கள் என்று கேட்டு வாங்கிவந்து, லொட்ஜ் அறையில் தொப்பி கொளுவ வைத்துக்கொண்டார்.

முப்பதாவது நாள் எந்தச் சடங்கும் இல்லாமல் வந்தது. வழமைபோலப் படம், அமைதி, ஒரு சின்ன அசைவு, நீலம். கதவு திறந்தது. அந்தப் பெண் முகமூடியைக் கழற்றி என் கையிலேயே தந்தார். "இனி வரவேண்டாம் சார். போயிட்டு வரேன்னு சொல்லாதீங்க, போறேன்னு சொல்லுங்க," என்றார். எங்களில் யாரும் அப்படிச் சொல்லமாட்டோம், வாயில் வராது என்றேன். "சரி, அப்ப செக்கப்புக்கு மட்டும் வாங்க," என்று சிரித்தார். வைத்தியர் எல்லாப் படங்களையும் ஒரு சீடியில் போட்டுத் தந்தார்.

ஊருக்கு வந்து இறங்கியபோது என் இரண்டு நெற்றிப்பொட்டுப் பக்கமும் முடி வட்டமாக உதிர்ந்திருந்தது. பஸ் நிலையத்தில் மனைவி அதைத் தடவிப் பார்த்து, "பரவாயில்லை, பிறந்த பிள்ளைக்கும் இப்பிடித்தான் இருக்கும்," என்றாள். மகள் விழுந்த பல்லின் இடத்தைக் காட்டினாள். ஒரு மாதம் வரை களைப்பு இருந்தது. இரண்டு மணி நேரம் நடந்தால் இரண்டு மணி நேரம் படுக்கவேண்டும். பிறகு அதுவும் போய்விட்டது. அடுத்தடுத்த ஸ்கேன்களில் அந்தப் புளியங்கொட்டை வளரவில்லை. பிறகு கொஞ்சம் சுருங்கியும்விட்டது. வலக்கண்ணின் வெளி ஓரத்தில் ஒரு மங்கல் மட்டும் நின்றுவிட்டது. அதோடு வாழப் பழகிவிட்டேன். அடுத்த வருஷம் கண் வைத்தியர் பார்வை சரி என்று துண்டு எழுதித் தந்த பிறகு, பாடசாலைப் பிள்ளைகளின் ஆட்டங்களுக்கு விசிலை எடுத்தேன்.

ஆனால் இன்றைக்கும் நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருவது, திரும்பி வந்த இரண்டாம் கிழமை கிண்ணியாவில் கோல்கீப்பர் வீட்டில் நடந்த விருந்துதான்.

மனைவியும் மகளும் நானும் பாதையில் ஏறிக் கடந்தோம். காற்று நன்றாக இருந்தது. மகள் மிதவையின் ஓரத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தண்ணீரில் மீன் தெரிகிறதா என்று பார்த்தபடி வந்தாள். அங்கே போனால் அணி முழுவதும் வந்திருந்தது. வீட்டுக்குள் நெய்ச்சோற்று மணம். கோல்கீப்பரின் உம்மா வாசலில் வந்து என் முகத்தை ஏற இறங்கப் பார்த்தார். மகன் ஆறு கிழமையாகத் தொலைபேசியில் சொன்ன கதைகளில் அவருக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை.

"மகன், ஒங்களை அங்க ஒவ்வொரு நாளும் படம் பிடிச்சாங்களாமே," என்றார் என்னிடம். "ஒரு ஆளை அத்தன படம் எதுக்குப் பிடிக்க? கலியாணத்துக்கும் அப்பிடிப் பிடிக்கிறல்ல. எங்க, காட்டுங்க பாப்பம்."

சீடியைப் பையில் வைத்திருந்தேன், ஆஸ்பத்திரியில் காட்டுவதற்கென்று. கோல்கீப்பரின் தம்பியிடம் ஒரு கம்பியூட்டர் இருந்தது. வெறும் அலுமாரியைப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் பழகியதாம். அதைக் கொண்டுவந்து நடு விறாந்தையில் வைத்தான். அணியில் பதினைந்து பேர், அயல் வீட்டார், சின்னப் பிள்ளைகள், எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். என் தலை கறுப்பு வெள்ளையில், வெங்காயம் அரிந்த மாதிரி, சீவல் சீவலாகத் திரையில் ஓடியது.

"இது மூக்கு," என்றார் கோல்கீப்பர், வைத்தியரின் அதே நிதானத்தோடு. "இது நரம்பு. இந்தா, இதுதான் கட்டி. இதுக்கும் இதுக்கும் நடுவில இடமே இல்ல, பாருங்க."

"எங்க? எனக்குத் தெரியல்லையே," என்றார் உம்மா.

"இதுக்குள்ள உம்மா, இந்தச் சின்ன இடம்."

உம்மா குனிந்து, கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு பார்த்தார். பிறகு விரலால் திரையை மெல்லத் தொட்டார். "இந்தச் சின்னதுக்கா ரெண்டு பேரும் கடல் தாண்டிப் போன?" என்றார். அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லி வாய்க்குள் ஏதோ ஓதினார்.

அணியின் இடது பக்க முன்கள வீரன் ஒருவன் பின்னால் இருந்து கழுத்தை நீட்டி, "சேர், இந்தப் பெரிசாத் தெரியிறது என்ன?" என்று கேட்டான்.

"அதுதான் மூளை," என்றேன்.

உம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்தார். "சேருக்கு மூளை இருக்கெண்டு இத்தன பேரும் கண்டாச்சு," என்றார். "சோறு ஆறுது. வாங்க."